இன்ஸ்டோல் பண்ணாத மனிதர்

"எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ லாபிர் நானா! வெடிச் சத்தம் கேட்டா எனக்கு மூண்டு செக்கன் போதும். என்ர முழுக் கொம்பியூட்டரும் என்ர அரைஞாண் கயித்திலை வந்திடும். நான் இருந்ததுக்கு அந்தக் கதிரையிலை சூடுகூட மிஞ்சாது. சாகுமட்டும் இந்தச் சிவகரன் ஒரு மெசினிலையும் இன்ஸ்டோல் பண்ணமாட்டான்!"

இந்தப் பிரகடனம் பத்து வருடங்களுக்கு முன்னர், புளியங்குளம் சந்தியில், லாபிரின் தேநீர்க் கடையில், பாதி கடித்த ரோல்ஸ் ஒன்றைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி செய்யப்பட்டது. லாபிர் முல்லைத்தீவு ஆள். வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய 1990இல் போய், இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு வந்தவர். பிறர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிற சுபாவம். எழுதி வை என்றார்கள்; எழுதி வைத்தார். பாண் அலுமாரிக்கு மேலே, சுவரில், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, "சிவகரன் - 3 செக்கன் - இன்ஸ்டோல் இல்லை" என்று பதிந்தார். அதன் பிறகு கடைக்கு இரண்டு தரம் பெயின்ற் அடித்தாயிற்று. இரண்டு தரமும் பெயின்ற் பிரஷ் அந்த வரியைச் சுற்றிக்கொண்டு போனது.

பிரகடனத்தின் பொருள் விளங்காதவர்களுக்காக: சிவகரனின் அரைஞாண் கயிற்றில், மற்ற ஆண்களுக்குத் தாயத்துத் தொங்குகிற இடத்தில், பெருவிரல் அளவில் ஒரு பென் தொங்கியது. கொம்பியூட்டரில் செருகுகிற பென். அதற்குள் பாட்டும் படமும் இருந்தால் அது சாதாரணப் பென். இதற்குள் ஒரு முழு இயங்குதளமே இருந்தது. இதைச் செருகிவிட்டு ஒரு கொம்பியூட்டரைத் திறந்தால், அது தன் சொந்தப் புத்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பென்னின் புத்தியில் நடக்கும். கழற்றினால் நடந்தது ஒன்றும் அதற்கு நினைவிராது. அம்மன் கோயில் பொங்கலில் உரு வந்து ஆடுகிற ஆளைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆடும்போது அம்மன், ஆடி முடிந்தால் "எனக்கென்ன நடந்தது? ஆர் என்ர சால்வையை எடுத்தது?"

இப்படியாகச் செத்துப்போன கொம்பியூட்டர்களை எல்லாம் சிவகரன் எழுப்பித் திரிந்தார். செட்டிகுளத்தில் ஒரு ரியூசன் கொட்டில், பூவரசங்குளத்தில் ஒரு நெல் ஆலை, புளியங்குளத்தில் பாதி வீடுகள். வருவார்; சாரத்தின் மடிப்பைத் தளர்த்துவார்; பெண்கள் குசினிக்குள் போவார்கள்; பென் வெளியே வரும்; மெசின் உயிர்க்கும்; உள்ளே அகப்பட்டிருந்த கல்யாணப் படங்கள் மீட்கப்படும். பிறகு பென்னைக் கழற்றி, விசைப்பலகையை லேஞ்சியால் துடைத்து, கதிரையை இருந்த இடத்துக்கே தள்ளிவிட்டுப் போவார். அந்தத் துடைப்பில் ஓர் அகங்காரம் இருந்தது. திருடர்கள்கூட அவ்வளவு துப்புரவாகத் துடைப்பதில்லை.

அகங்காரங்கள் சும்மா வருவதில்லை. சிவகரனின் தகப்பன் வடமராட்சியிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து வட்டக்கச்சிக்கு வந்தவர். மகன் கிளிநொச்சியில் கொம்பியூட்டர் படித்து, இருபத்தெட்டு வயதில் ஒரு கொம்பியூட்டரும் வாங்கினான். பழைய மாதிரி மொனிட்டர். முற்றின பலாப்பழத்தின் பாரம். 2008இல் போர் நெருங்கிச் சனம் இடம்பெயர எழும்பியபோது, மற்றவர்கள் நெல் மூட்டையையும் ஆட்டையும் உழவு இயந்திரத்தில் ஏற்ற, சிவகரன் மொனிட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். தர்மபுரம், விசுவமடு என்று ஆறு இடங்களுக்கு அது அவரோடு வந்தது. ஆறு இடத்திலும் மின்சாரம் இருக்கவில்லை. ஒருநாள்கூட ஒளிராமல், ஒரு குடும்பத்துக்குரிய இடத்தைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் மாதிரி அது கூடவே வந்தது. ஏழாவது இடப்பெயர்வின்போது பொலித்தீனில் சுற்றி ஒரு பாலை மரத்தின் கீழ்ப் புதைத்துவிட்டு ஓடினார். செட்டிகுளத்து முகாமெல்லாம் முடிந்து, பதினோராவது இடத்திலிருந்து திரும்பிப் போய்த் தோண்டினால், உள்ளே கறையான். அவை விண்ணப்பம் நிரப்பவில்லை, பதிவுக்கு வரிசையில் நிற்கவில்லை, நிவாரண அட்டை கேட்கவில்லை. மீள்குடியேற்றம் என்றால் அதுதான் மீள்குடியேற்றம்.

அந்தக் குழிக்கரையில் சிவகரன் ஒரு தத்துவத்தைக் கண்டடைந்தார்: ஓடும்போது கையில் வராதது உன்னுடையதல்ல. அதன் பிறகு அவர் கட்டில் வாங்கவில்லை. கல்யாணம் பேசி வந்தவர்களிடம் "யோசிப்பம்" என்றார்; அவர்களும் யோசித்து வேறிடம் போனார்கள். அலுமாரி வாங்குவதை, ஓரிடத்தில் கிடந்து சாகச் சம்மதிக்கிற பத்திரத்தில் கையொப்பம் வைப்பதாகக் கருதினார். நாற்பத்தாறு வயதில், புளியங்குளத்தில் அக்கா வீட்டுப் பின் அறையில், உடுப்பெல்லாம் பயணப் பைக்குள் இருக்க, கதவுக்குப் பக்கத்தில் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வைத்த பொலித்தீன் பை ஆணியில் தொங்க, நாளைக்கே கிளம்புகிறவர் மாதிரிப் பதின்மூன்று வருடமாகத் தங்கியிருந்தார்.

இந்தத் துறவிக்குச் சோதனை, சகல துறவிகளுக்கும் வருகிற திசையிலிருந்தே வந்தது. அதன் பெயர் தாட்சாயினி.

லாபிரின் கடைக்கு அடுத்த கடை தாட்சாயினியுடையது. நாற்பத்திரண்டு வயது. ஒரு கொம்பியூட்டர், ஒரு போட்டோக்கொப்பி மெசின், ஒரு மின்விசிறி, வாசலில் தன் பெயர் எழுதிய பலகை. விண்ணப்பம் அடிப்பாள், கலியாணக் கார்ட் அமைப்பாள். ஆனால் கடையின் உயிர் கல்வெட்டில் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்காமல் அவர் முழுதாகச் சாவதில்லை. முன்னட்டையில் மாலை போட்ட படம், உள்ளே தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளின் கண்ணீர், கடைசியில் நன்றி நவிலல். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொன்று கொண்டுபோவார்கள். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு வந்து சேராவிட்டால், அந்தப் பந்தியிலேயே அடித்தவரின் பெயரும் வாழையிலையோடு சேர்த்து மடிக்கப்பட்டுவிடும்.

ஒரு வருடத்துக்கு முன்னர் தாட்சாயினியின் கொம்பியூட்டரில் ஹார்ட் டிஸ்க் பழுதாகிப் போனது. சிவகரன் வந்து, அதைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் பென்னைச் செருகினார். மெசின் பறந்தது.

"புதுசொண்டு வாங்கிப் போடட்டோ மாஸ்டர்?" என்று அவள் கேட்டாள்.

"தேவையில்லை. இப்ப உங்கட மெசின் முற்றும் துறந்திட்டுது. இனி இதுக்குச் சாவில்லை."

சாவில்லைதான். ஆனால் ஒவ்வொரு நாளும் காலை எட்டரைக்குச் சிவகரன் வந்து பென்னைச் செருகினால்தான் கடை திறக்கும். ஐந்து மணிக்கு அவர் கழற்றினால் கடை மூடும். இடையில் அவர், அறை ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பொலித்தீன் பையை மடியில் வைத்தபடி, போட்டோக்கொப்பி மெசினுக்குப் பக்கத்திலிருந்த கதிரையில் இருந்து பத்திரிகை வாசிப்பார். பென்னைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னால், "அது மட்டும் ஏலாது" என்பார். ஊர் தன் பங்குக்கு யோசித்தது. லாபிர் வாய்விட்டே கேட்டார்.

"ஏன் தம்பி, பென் தாட்சாயினியின்ர மெசினிலை. நீ கதிரையிலை. ஆர் ஆரை இன்ஸ்டோல் பண்ணிக் கிடக்கிறது?"

"இது தற்காலிகம் நானா."

"தற்காலிகம் ஒரு வருசமாச்சு. நானும் புத்தளத்துக்குத் தற்காலிகமாத்தான் போனனான்."

லாபிருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. எங்காவது வெடிச் சத்தம் கேட்டால், தேநீர் ஆற்றுகிற கையை நிறுத்தாமல், "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணுவார். லொறிச் சில்லு வெடித்தாலும் எண்ணுவார். தேர்த் திருவிழா வாணத்துக்கும் எண்ணுவார். மூன்று வர முன்னர் சிவகரன் தெருவில் நின்றால் பால் விடாத பிளேன்ரீ ஒன்று இலவசம். பத்து வருடத்தில் ஒருநாளும் அவர் பிளேன்ரீக்குக் காசு கொடுக்கவில்லை. ஆனால் அதெல்லாம் மெசினில் வேலை ஒன்றும் ஓடாத நேரங்கள்.

பொன்னையா செத்தார். சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எண்பத்தொன்று. மகள் நாகேஸ்வரி ஒரு கொப்பி நிறைய எழுதிக்கொண்டு தாட்சாயினியிடம் வந்தா. "எவரையும் கடிந்து பேசாத பண்பாளர்" என்று வரலாறு தொடங்கியது. சீனிக்கு வரிசையில் நின்றவர்கள்மேல் அவர் நிறைகல் எறிந்ததைக் கண்ட சாட்சிகள் சந்தியில் இன்னும் உயிரோடு இருந்தார்கள். ஆனால் கல்வெட்டு நீதிமன்றம் அல்ல. வம்சாவளி மட்டும் கொப்பியில் இல்லை. நாகேஸ்வரி பக்கத்தில் இருந்து, ஐந்து நாடுகளுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுக் கேட்டுச் சொல்ல, தாட்சாயினி நூற்றுப் பன்னிரண்டு பெயர்களைக் கோடு போட்டுக் கொளுவினாள். ஆறு நாள் வேலை. நாற்பத்து நான்கு பக்கம். ஞாயிற்றுக்கிழமை அந்தியேட்டி, வெள்ளி காலை வவுனியா அச்சகத்தில் கொடுத்தாகவேண்டும்.

செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை. தாட்சாயினி நாற்பத்து நான்காம் பக்கத்தில் கடைசி முற்றுப்புள்ளியை வைத்தாள். மெசினுக்குச் சேமிக்கும்படி சொன்னாள். திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து, குளத்துப் பக்கத்து வயலுக்குள் பகலிலேயே வந்துவிட்ட ஒற்றை ஆனைக்கு, கமக்காரர் யாரோ ஆனைவெடி போட்டார்கள்.

ஆனை என்ன செய்தது என்று தெரியவில்லை. சிவகரன் செய்தது சந்தி முழுக்கத் தெரிந்தது. பத்திரிகை இன்னும் காற்றில் இருந்தது, பென் கையில், பொலித்தீன் பை கக்கத்தில், ஆள் தெருவைக் கடந்து பஸ் தரிப்பிடத்தில்.

"ஒண்டு, ரெண்டு..." லாபிர் ஆற்றுகிற கையை இன்றைக்கு நிறுத்தியே விட்டார். "மூண்டு வரேல்லைத் தம்பி! ரெண்டரை! ரெக்கோட்!"

பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் கைதட்டினார்கள். சிவகரன் மூச்சு வாங்கச் சிரித்தபடி திரும்பினார். எதிரே கடை வாசலில் தாட்சாயினி நின்றாள். அவளுடைய பத்து விரல்களும் இன்னும் தட்டச்சு அடிக்கிற பாவனையில் வளைந்திருந்தன.

"மாஸ்டர்."

"ஆனைவெடி," என்றார் சிவகரன், தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றே.

"ஆனைவெடி எண்டு எனக்குத் தெரியும். உங்களுக்கு?"

"எனக்கும் தெரியும்."

"பிறகேன் ஓடினனீங்கள்?"

சிவகரன் பென்னைப் பார்த்தார். "கைதான் முதல் ஓடினது. நான் பின்னாலை போனனான்."

எழுதிக்கொண்டிருக்கிற கொப்பியை நடுவில் இழுத்தால் பக்கம் கிழியும். பென்னும் அப்படித்தான். திரும்பச் செருகினார்கள். எல்லாம் இருந்தது, பொன்னையா மட்டும் இல்லை. கோப்பின் பெயர் இருந்தது. திறந்தால் கட்டம் கட்டமாக ஏதோ வந்தது. சிவகரன் தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் ஒரு மணித்தியாலம் காட்டினார். ஊருக்கெல்லாம் கல்யாணப் படம் மீட்டுக் கொடுத்த கை, தன் பென்னிலிருந்து ஒரு பிணத்தை மீட்க முடியாமல் நின்றது. வேறிடத்தில் பிரதி இருக்கவில்லை. இரண்டு இடத்தில் வைத்தால் ஓடும்போது இரண்டையும் எடுக்கவேண்டுமே.

தாட்சாயினி கத்தவில்லை. கத்தியிருந்தால் சிவகரனுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் மின்விசிறியை நிறுத்தினாள்.

"நானும் ஓடினனான் மாஸ்டர். உங்களைவிட ஒரு இடம் கூட. பன்ரெண்டு. ஒவ்வொரு இடத்திலையும் போய் இறங்கினவுடனை முதல் வேலை, மூண்டு கல்லுப் பொறுக்கி அடுப்பு வைக்கிறது. ஒரு நாளைக்கெண்டாலும் கல்லு வைச்சாத்தான் சோறு. அடுத்த நாள் விட்டிட்டு ஓடினனான்தான், அதுக்காக வைக்காமல் விடேல்லை. நீங்கள் ஒரு இடத்திலையும் கல்லு வைக்கேல்லை. ஊரார் அடுப்பிலை சமைச்சுப்போட்டு, அடுப்பைத் துடைச்சு விட்டிட்டன் எண்டு பெருமை வேற!"

சிவகரனின் கை தன்னையறியாமல் லேஞ்சியைத் தேடிப் போனது. பாதி வழியில் வெட்கப்பட்டுத் திரும்பியது.

அந்த நேரம் நாகேஸ்வரி படியேறி வந்தா. "பிள்ளை, அப்பாவின்ர புத்தகம் முடிஞ்சுதோ? கனடாவிலையிருந்து தம்பி பின்னட்டைக்குப் படம் அனுப்பிப்போட்டான்."

தாட்சாயினி சிவகரனைப் பார்த்தாள். சிவகரன் நிலத்தைப் பார்த்தார்.

"கிட்டமுட்ட முடிஞ்சுது அக்கா," என்றாள் தாட்சாயினி. "வம்சாவளியை மட்டும் இன்னொருக்கா முதலிலையிருந்து சொல்லுங்கோ. பிழை வந்தாக் கூடாதெல்லோ."

நாகேஸ்வரிக்கு அதைவிட இனிப்பான வேலை உலகத்தில் இருக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தா.

அவ வருவதற்கிடையில் தாட்சாயினி ஒரு காரியம் செய்திருந்தாள். பென்னைச் செருகிய இடத்தில், முதலுதவிப் பெட்டியிலிருந்த பிளாஸ்டரை எடுத்து, காலில் முறிவு வந்தவருக்குக் கட்டுகிற மாதிரி ஏழு சுற்றுச் சுற்றி ஒட்டியிருந்தாள். "இனிப் பிடுங்கிறதெண்டாக் கத்திரிக்கோல் வேணும். கத்திரிக்கோல் என்ர லாச்சிக்குள்ளை," என்றாள்.

இரண்டரை நாள். கொப்பியைப் பார்த்துச் சிவகரன் அடித்தார். வம்சாவளியை நாகேஸ்வரி சொல்ல, தாட்சாயினி கொளுவினாள். ஐந்து நிமிடத்துக்கொரு தரம் சேமித்தார்கள். இரண்டாம் பதிப்பில் வம்சாவளி கொஞ்சம் மாறியது. நூற்றுப் பன்னிரண்டு பேர் நூற்றுப்பத்தானார்கள்.

"அக்கா, முந்தி ஒரு மாசிலாமணிச் சித்தப்பாவும் மனுசியும் இருந்தவையெல்லோ?"

"இருந்தவைதான். செத்தவீட்டுக்கு வரேல்லையே. இனி இல்லை."

சிவகரனின் பழுதால் இரண்டு பேர் ஒரு பரம்பரையிலிருந்தே விழுந்துபோனார்கள். இதுவரை அவர் எந்த இடத்திலும் விட்டுவைத்த ஆகப்பெரிய அடையாளம் அதுதான்.

வெள்ளி காலை கல்வெட்டு வவுனியாவுக்குப் போனது. பஸ் போனதும் தாட்சாயினி லாச்சியிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தாள். ஏழு சுற்றையும் வெட்டி, பிசின் பிடித்த பென்னை அவரிடம் நீட்டினாள்.

"திங்கக்கிழமை நீங்கள் வரத்தேவையில்லை மாஸ்டர். வவுனியாவிலையிருந்து ஒரு கடைக்காரர் வந்து மெசினைப் பாக்கிறாராம். வெடி போட்டா ஓடுற மெசினை வைச்சு நான் கடை நடத்தேலாது. இன்னொரு செத்தவீட்டை இப்பிடி என்னாலை அடிக்கேலாது."

"அப்ப பென்?"

"பென் உங்கட. கொண்டுபோங்கோ."

சிவகரன் கதிரையை இருந்த இடத்துக்குத் தள்ளினார். விசைப்பலகையைத் துடைக்கவில்லை. அரைஞாண் கயிற்றில் பென்னைக் கட்டினார். பிளாஸ்டர்ப் பிசின் வயிற்றில் ஒட்டி, நடக்க நடக்க இழுத்தது.

சனிக்கிழமை அவருக்கு எங்கும் போக இருக்கவில்லை. அக்கா வீட்டுப் பின் அறையில் பயணப் பையைத் திறந்து மூடினார். பத்து மணிக்கு வவுனியா பஸ் ஏறினார். திரும்பி வரும்போது அவர் மடியில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. உள்ளே ஒரு புது ஹார்ட் டிஸ்க்கும், அதைப் பூட்ட நாலு ஸ்குரூவும். பதினாறு வருடத்தில் அவர் வாங்கிய பொருள்களில், ஓடும்போது கழற்ற நேரம் போதாத முதல் பொருள்.

ஞாயிறு நடுப்பகல், ஊர் முழுக்கப் பொன்னையாவின் அந்தியேட்டிப் பந்தியில் இருந்தது. கடைப் பூட்டின் திறப்பைத் தாட்சாயினி எப்போதும் லாபிரிடம்தான் கொடுத்து வைப்பாள். சிவகரன் போய் அதைக் கேட்டார்.

"என்னத்துக்குத் தம்பி திறப்பு?"

"ஒரு பொருளை மறந்து விட்டிட்டன் நானா."

"நீயோ? மறந்து விட்டிட்டியோ? அல்லாஹ்!" என்றார் லாபிர். ஆனால் திறப்பைக் கொடுத்தார்.

நாலு ஸ்குரூவையும் பூட்டினார். பென்னைச் செருகினார். திரையில், இந்தச் சந்தியில் இத்தனை வருடமும் அவர் அம்புக்குறியை அதற்குக் கிட்டவும் கொண்டுபோகாத அந்தப் பெட்டியை அழுத்தினார்: நிறுவுக.

அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் இதை முன்பும் அழுத்தியிருக்கிறார் என்பது சந்தியில் யாருக்கும் தெரியாது. முகாமிலிருந்து வந்த புதிதில், ஒரு பயிற்சி வகுப்பில். அது மொழியைக் கேட்டது, சொன்னார். விசைப்பலகையைக் கேட்டது, சொன்னார். பிறகு ஓர் உலகப் படத்தைக் காட்டிக் கேட்டது: "நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" அதை அவரிடம் ஆமியின் சோதனைச் சென்றிகளில் கேட்டிருக்கிறார்கள், பதிவு மேசைகளில் கேட்டிருக்கிறார்கள், நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி என்று இரண்டு கோடு போட்டுக் கேட்டிருக்கிறார்கள். ஒரு மெசினும் கேட்குமென்று அவர் எதிர்பார்க்கவில்லை. கை "இரத்துச் செய்" என்பதை அழுத்தியது. அன்றைக்கும் கைதான் முதல் ஓடியது. மூன்று செக்கன் வீரமெல்லாம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்த வியாக்கியானம்.

இன்றைக்கும் அதே படம். அதே கேள்வி. சிவகரன் புளியங்குளம் இருக்கவேண்டிய இடமாகப் பார்த்து அம்புக்குறியை வைத்து அழுத்தினார். "கொழும்பு" என்று வந்தது. சற்று மேலே வட்டக்கச்சிப் பக்கமாக அழுத்தினார். கொழும்பு. கடலில் அழுத்தினார். அதற்கும் கொழும்பு. எதற்கும் கொழும்பைக் கேட்கிற அரசாங்கக் கந்தோர்களில் பழகிய மனிதருக்கு இதில் புதினம் ஒன்றுமில்லை. "சரி, நீ உன்ர ஆக்களைக் கேட்டுத்தான் எழுதுவாய்," என்று அதற்குச் சொல்லிவிட்டு, தொடர்க என்பதை அழுத்தினார்.

அடுத்த கேள்வி இன்னும் மோசம்: "நீங்கள் யார்?"

தன் பெயரைப் போட்டால் கடை அவருடையதாகிவிடும். அவளுடைய பெயரை அவர் போட்டார் என்று தெரிந்தால், லாபிருக்குச் சுவரில் இடம் போதாது. விரல்களைக் கோர்த்து நெட்டி முறித்தார். பிறகு அடித்தார். கடவுச்சொல்லும் கேட்டது. அதற்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

திங்கள், எட்டரை. தாட்சாயினி வரும்போது சிவகரன் வாசலில் நின்றார். சாரத்தில் கை வைக்கவில்லை.

"வரத்தேவையில்லை எண்டு சொன்னனானெல்லோ?"

"ஓம், சொன்னனீங்கள். ஒருக்கா அந்த மெசினைப் போட்டுப் பாருங்கோ."

"பென் இல்லாமலோ?"

"பென் வீட்டிலை கிடக்கு."

அவள் திரும்பி அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவர் வீடு என்று ஒரு சொல்லைச் சொல்லி அவள் கேட்டதில்லை. "அக்கா வீடு" என்றுதான் சொல்வார். போய் மெசினைப் போட்டாள். அது முனகியது, மினுங்கியது, தன் சொந்தக் காலில் எழும்பியது. திரையின் நடுவில் உரிமையாளர் பெயர் வந்து நின்றது:

மூண்டு கல்லு.

தாட்சாயினி அதைக் கொஞ்ச நேரம் வாசித்தாள். இரண்டே சொல்தான், ஆனாலும் நேரம் எடுத்தது.

"இதென்ன கடவுச்சொல் கேக்குது?"

"லாபிர் நானாவின்ர சுவரிலை கிடக்கு."

அவள் அடுத்த கடைக்குள் எட்டிப் பார்த்து, பாண் அலுமாரிக்கு மேலே வாசித்துவிட்டு வந்தாள். சிரிப்பை உதட்டுக்குள் வைத்துக்கொண்டு, "3செக்கன்" என்று அடித்தாள். மெசின் திறந்தது. அவள் தொலைபேசியை எடுத்து, வவுனியாக் கடைக்காரருக்கு வரவேண்டாமென்று சொன்னாள். சிவகரனுக்குக் கதிரையைக் காட்டவில்லை. அதன்மேல் கிடந்த கடதாசிக் கட்டை மட்டும் எடுத்து வேறிடத்தில் வைத்தாள். அவர் இருந்தார். பத்திரிகையை விரித்தார். இனி அவருக்கு அங்கே இருக்க ஒரு காரணமும் இல்லை.

பத்து மணி தாண்டி, அந்த ஒற்றை ஆனை மறுபடியும் வயலுக்குள் வந்திருக்கவேண்டும்.

வெடித்தது. போன கிழமையை விடக் கிட்ட.

"ஒண்டு," என்றார் லாபிர் அடுத்த கடையில்.

சிவகரனின் கை பாய்ந்தது. மெசினின் பக்கத்தைத் தடவியது. பிளாஸ்டர்ப் பிசின் விரலில் ஒட்டியது; வேறொன்றும் அகப்படவில்லை.

"ரெண்டு... மூண்டு..."

கை இன்னொரு தரம் தடவிப் பார்த்தது. நாலு ஸ்குரூ உள்ளே இருந்தது. ஸ்குரூ ட்ரைவர் அக்கா வீட்டில் இருந்தது. பொலித்தீன் பையும் அங்கேதான் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தாட்சாயினி திரும்பிப் பார்க்காமல் யாருடைய விண்ணப்பத்தையோ அடித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு..." லாபிரின் குரலில் ஒரு தடுமாற்றம். "அஞ்சு... ஆறு... தம்பி, உள்ளையோ நிக்கிறாய்?"

கதிரை கிறீச்சிட்டது. ஆள் வெளியே வரவில்லை.

"ஏழு... எட்டு... ஒம்பது..."

"நானா, எண்ணினது காணும்," என்று சிவகரன் கதிரையில் இருந்தபடியே சொன்னார். மெசினிலிருந்த கையை எடுத்துப் பத்திரிகையில் வைத்தார். "ரெண்டு பிளேன்ரீ அனுப்புங்கோ. காசு நான் தாறன்."